பெயரும் ஆட்டமும்

மயிலாப்பூரில் டிசம்பர் மாதம் என்றால் பாட்டுக் கச்சேரி மாதம். 2025-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி சனிக்கிழமை, மத்தியானக் கச்சேரிக்குப் புறப்படலாம் என்று நான் வேஷ்டி மாற்றிக்கொண்டிருந்த சமயத்தில், தியாகராயநகரிலிருந்து என் பெண்வயிற்றுப் பேரன் வந்து சேர்ந்தான். அவனுக்கு இருபத்தொரு வயது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இதைப் பாருங்க" என்று கைப்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம் தெரிந்தது. காலரியிலிருந்து தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்து வந்துகொண்டிருந்தன. பிறகு நாற்காலிகள் வந்தன. வேலியைத் தாண்டிக் குதித்து ஜனங்கள் மைதானத்தில் ஓடினார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. அர்ஜென்டினாக்காரர் லயனல் மெஸ்ஸி அன்று காலை அங்கே வந்திருந்தார். ஆடுவதற்காக அல்ல, வந்து நிற்பதற்காக. ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் காலரியில் காத்திருந்தார்கள். அவரைச் சுற்றிப் பிரமுகர்களும், பிரமுகர்களின் உறவினர்களும், படம் எடுக்கிறவர்களும் வேலி போட்டமாதிரி நின்றுவிட்டதில், காலரியில் இருந்தவர்களுக்கு அவருடைய தலைமயிர்கூடச் சரியாகத் தெரியவில்லை. சுமார் இருபது நிமிஷத்தில் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் என் பேரன் காட்டினான். முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதும், ஏற்பாடு செய்தவர் கைதானதும் அன்றைக்கே செய்தியாக வந்துவிட்டன.

"நல்லவேளை, நீ போகவில்லை" என்றேன்.

அவன் போவதாகத்தான் இருந்தான். அடையாறில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. கிடைக்காததற்காக ஒரு வாரம் வீட்டில் யாரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று என் பெண் சொல்லியிருந்தாள்.

"போயிருந்தா நானும் ஒரு நாற்காலியை எறிஞ்சிருப்பேன், தாத்தா" என்றான், சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இல்லை. பரம சாது அவன். அவனுக்குள் இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில், அன்று நான் கச்சேரிக்குப் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கோபத்துக்கு விதை போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. 2014-ல் அவனை முதல் முதலாகக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனவன் நான்தான். அப்போது அவனுக்குப் பத்து வயது. இந்தியன் சூப்பர் லீக் என்ற பெயரில் புதிதாக ஒரு போட்டி அந்த வருஷம் அக்டோபரில் தொடங்கியது. எட்டு ஊர்களுக்கு எட்டு அணிகள். நம் ஊர் அணிக்குச் சென்னையின் எஃப். சி. என்று பெயர். சொந்தக்காரர்களில் ஒருவர் பம்பாய் சினிமா நடிகர் அபிஷேக் பச்சன். இன்னொருவர் கிரிக்கெட் தோனி. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிப் பார்க் டவுனில் இறங்கி, நீலச் சட்டைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தோம். பையன் கன்னத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். வழி நெடுகப் பெரிய பெரிய முகங்கள் போஸ்டர்களிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த முகங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மார்க்கீ ஆட்டக்காரர். இங்கிலீஷில் அந்த வார்த்தைக்குக் கூடாரம் என்று பொருள். அமெரிக்காவில் நாடகக் கொட்டகை வாசலில் நடிகரின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு விளக்குப் பொருத்துகிற பந்தலுக்கும் அதே பெயர்தான். அணிக்கு ஒருவராவது அப்படிப்பட்ட பெயர் பெற்றவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. அப்பட்டமாக உண்மையைச் சொல்லிவிட்ட வார்த்தை இது என்று நினைக்கிறேன். கொட்டகைக்குள் நடக்கப்போகிற நாடகத்தைப் பற்றி அந்தப் பந்தல் ஒன்றும் சொல்வதில்லை. வாசலில் போகிறவனை உள்ளே இழுப்பதோடு அதன் வேலை தீர்ந்தது.

நம் ஊருக்கு இது புதிது அல்ல. ஸ்பெஷல் நாடகக் காலத்தில் ராஜபார்ட்டின் பெயருக்குத்தான் வசூல். மவுண்ட் ரோடில் ஐம்பது அறுபது அடி உயரத்துக்குச் சினிமாக் கட்-அவுட் நிறுத்தி, அதற்கு மாலையும் போட்டுப் பழகியவர்கள் நாம். கட்-அவுட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், படத்தில் அந்த நடிகராவது நிச்சயம் இருப்பார். கால்பந்தில் அந்த உத்தரவாதங்கூடக் கிடையாது. படம் எப்போதோ எடுத்து முடிந்துபோனது. ஆட்டமோ இனிமேல்தான் நடக்க வேண்டும். நாற்பது வயதுக் கால்களால் இருபத்தைந்து வயதில் எடுத்த படத்தின்படி ஓட முடியாது.

அந்த முதல் வருஷத்துக் கணக்கைப் பார்க்கலாம். 2006-ல் இத்தாலிக்காக உலகக் கோப்பை வென்ற அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ டில்லி அணிக்கு வந்தார். பத்து ஆட்டங்களில் ஒரு கோல். ஸ்வீடன் தேசத்து ஃப்ரெடி லுங்பெர்க் பம்பாய்க்கு வந்து நான்கு ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். பிரான்சின் ராபர்ட் பிரெஸ் கோவாவுக்கு வந்தபோது, அதற்கு முன் சில வருஷங்களாக எந்தக் கிளப்பிலும் ஆடாதவராக இருந்தார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களுக்கு இருபத்தைந்து வயது என்று அவர்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னது போஸ்டர். அந்த வருஷம் டிசம்பர் 20-ஆம் தேதி இறுதி ஆட்டம் நடந்தது. தொண்ணூறு நிமிஷமும் தாண்டிக் கடைசி மூச்சில் ஒரு கார்னர். அதைத் தலையால் முட்டிக் கோலாக்கி, கல்கத்தாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் முகம்மது ரஃபீக் என்ற வங்காளத்துப் பையன். மாற்று ஆளாக உள்ளே இறங்கியவர். எந்தப் போஸ்டரிலும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நியாயமாகப் பேசுவதென்றால் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம் அணிக்கு வந்த பிரேசில்காரர் எலானோ ஏமாற்றவில்லை. எட்டுக் கோல் போட்டு அந்தப் பருவத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டார். நின்ற பந்தை அவர் சுற்றி அடிக்கிற அழகை நேரு ஸ்டேடியத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, பெயர் பெற்றவர்கள் எல்லோரும் வெறும் பெயர்தான் என்று சொல்ல வரவில்லை. பெயர் பெற்றவர் நன்றாக ஆடியபோதும் ஒரு நஷ்டம் இருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதை என் அனுபவத்தைக்கொண்டே சொல்கிறேன்.

அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம். எதிர் அணி எது என்பது மறந்துவிட்டது. நம் பக்கத்து நட்சத்திரம் மைதானத்தின் ஓர் ஓரத்தில் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காலரி முழுதும் எழுந்து கத்திற்று. பக்கத்தில் பையன், "யார் போட்டது, தாத்தா? எப்படிப் போட்டாங்க?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினான். எனக்குத் தெரியவில்லை. கோலுக்கு முன்னால் பந்து எங்கே இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், எதிரியின் காவல் எங்கே விட்டுப்போயிற்று, ஒன்றும் தெரியவில்லை. நான் பார்த்தது காலுறையை. பையனும் என்னைப்போல அதே காலுறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இல்லாவிட்டால் என்னைக் கேட்டிருப்பானா?

கால்பந்தில் ஒருவர் காலில் பந்து இருக்கிற நேரம் மிகமிகக் குறைவு. தொண்ணூறு நிமிஷத்தில் இரண்டு மூன்று நிமிஷம் இருந்தாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் அவர் இடம் தேடுகிறார், எதிரியை இழுத்துக்கொண்டு போகிறார், தனக்கு வராத பந்துக்காக ஓடுகிறார். ஆட்டம் என்பது இருபத்திரண்டு பேருக்கு நடுவில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற இடைவெளிகள்தான். ஒருவரையே பார்க்கப் போனவன் அந்த இடைவெளிகளைப் பார்ப்பதில்லை. அந்த ஒருவரும் ஓர் அற்புதம் செய்யாவிட்டால், டிக்கெட்டுக் காசு வீண் என்று வீடு திரும்புகிறான். விளம்பரம் அவனை ஏமாற்றியது என்னமோ வாஸ்தவம். அதற்கு முன்னாலேயே அது அவன் கண்ணைத் திருகி ஒரு பக்கமாக வைத்துவிட்டது. முன்னதைவிட இந்த இரண்டாவது நஷ்டம் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

நட்சத்திரத்தால் கோப்பை வரும் என்ற நம்பிக்கைக்கும் நம் ஊர் அணியின் சரித்திரம் அவ்வளவாக இடங்கொடுக்கவில்லை. 2015-ல் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி ஆட்டங்களை வரிசையாக ஜயித்து மேலே வந்தது. அந்த டிசம்பரை நாம் மறக்க முடியாது. அடையாறு கரை புரண்டு, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் நின்ற மாதம். சென்னையில் நடக்கவேண்டிய அரை இறுதி ஆட்டத்தைப் புனாவுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த ஊர் ரசிகன் ஒருவனும் இல்லாத ஊரில் நம் அணி சொந்த ஆட்டத்தை ஆடி 3-0 என்று ஜயித்தது. டிசம்பர் 20-ல் கோவாவில் இறுதி ஆட்டம். நேரம் முடிகிற தறுவாயில் 2-1 என்று பின்தங்கியிருந்த அணி, எதிரி கோல்கீப்பரின் கைத்தவறால் சமன் செய்து, அடுத்த இரண்டொரு நிமிஷத்தில் இன்னொரு கோலும் போட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்தக் கடைசிக் கோலைப் போட்ட ஸ்டிவன் மெண்டோசா கொலம்பியாக்காரர். 2014-ல் அவர் வந்து இறங்கியபோது மயிலாப்பூரில் மட்டுமல்ல, மதராஸ் முழுவதிலும் அவர் பெயரைக் கேட்டிருந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பருவத்தில் அவர் பதின்மூன்று கோல் போட்டார். பக்கத்து வீட்டு டெலிவிஷனில் பார்த்தோம். வீடு முழுக்கச் சேற்று நாற்றம். இருந்தும் பையன் கட்டிலின்மேல் ஏறிக் குதித்தான்.

மறு வருஷம் மார்க்கீயாக வந்தவர் ஜான் ஆர்ன ரீஸ. 2005-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற லிவர்பூல் அணியில் ஆடிய நார்வேக்காரர். எட்டு அணிகளில் நம் அணி ஏழாவதாக வந்தது. மார்க்கீ கட்டாயம் 2017-18 பருவத்தில் நீங்கிற்று. சென்னை அணிக்குப் பெரிய பெயர் எதுவும் இல்லை. அந்தப் பருவத்தில்தான், 2018 மார்ச் 17-ஆம் தேதி, பெங்களூருக்கே போய்ப் பெங்களூரை 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கோல் தலையால் முட்டியவர் மைல்சன் ஆல்வஸ் என்ற பின்வரிசைக்காரர். அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடித் தனபால் கணேஷ் இருந்தார். இதைக்கொண்டு நட்சத்திரம் இல்லாவிட்டால்தான் ஜயம் என்று ஒரு சித்தாந்தம் கட்ட வேண்டாம். போஸ்டருக்கும் கோப்பைக்கும் நேரான சம்பந்தம் இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆனால் 2018-ல் என் பேரன் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பதினான்கு வயசு. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவனுக்கு ருசி மாறிவிட்டது. 2016 ஜூலையில் அதே நேரு ஸ்டேடிய வளாகத்து உள்ளரங்கில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுகிற ஃபுட்சால் போட்டி நடந்தது. கோவா அணியில் ரொனால்டீன்யோ. ஓர் ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார். சின்னத் தளம், வழுவழுப்பான தரை, பழைய மந்திரவாதிக்கு ஏற்ற இடம். பையன் அந்த ஐந்து கோலைப் பற்றி ஒரு வாரம் பேசினான். மறுபடி போக வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்தான். அதற்குள் ரியோ பாராலிம்பிக் விளையாட்டுக்குத் தூதராக இருக்க வேண்டும் என்று அவர் போட்டியின் நடுவிலேயே புறப்பட்டுப் போய்விட்டார். "அப்ப எதுக்கு அவர் படத்தைப் போட்டாங்க?" என்று பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டான். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சமாதானம் சொல்ல முயன்றபோதெல்லாம் எனக்குக் கச்சேரி மேடைதான் நினைவுக்கு வந்தது. குரல் போய்விட்ட பெரிய வித்வானின் கச்சேரிக்கும் மயிலாப்பூரில் கூட்டம் வரும். மேல் ஸ்தாயியில் அவர் எட்டிப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுவார். சபை அதைக் கவனிக்கும், காண்டீனில் காபி குடிக்கும்போது தாட்சண்யமில்லாமல் பேசும். ஆனாலும் நடுவில் நான்கு வரி ராகம், இளைய வித்வான்களுக்கு இன்னும் பத்து வருஷத்தில்கூட வராத நான்கு வரி, அவர் பாடினால் தலைகள் தாமாக அசையும். ஏமாந்தோம் என்று யாரும் நாற்காலியை எறிவதில்லை. காரணம், கேட்கத் தெரிந்த காது. என்ன போயிற்று, என்ன மிச்சமிருக்கிறது என்று அந்தக் காதுக்குத் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு அரைச் சபைக்குப் பாடுகிற பதினெட்டு வயதுப் பெண்ணைக் கண்டுபிடித்து, பத்துப் பேரிடம் சொல்வதும் அதே காதுதான். சங்கீத உலகத்திலும் விளம்பரம் உண்டு, வீண் பட்டங்கள் உண்டு. அவற்றைத் தாக்குப்பிடிக்க ஒரு ரசனை அங்கே இருக்கிறது. கால்பந்துக்கு அப்படி ஒரு ரசனையை இந்தப் பக்கத்து மதராஸில் நாம் வளர்த்துக்கொள்ளவில்லை.

இதே நேரு ஸ்டேடியத்தில் 2025 மார்ச் 30-ஆம் தேதி பிரேசிலின் பழைய ஆட்டக்காரர்களுக்கும் இந்தியாவின் பழைய ஆட்டக்காரர்களுக்கும் ஓர் ஆட்டம் நடந்தது. பிரேசில் 2-1. அவர்களுக்காக ஒரு கோல் போட்டவர் 1994 உலகக் கோப்பை அணியில் இருந்த வியோலா, வயது ஐம்பத்தாறு. நம் பக்கத்தில் கோல் போட்டவர் பிபியானோ ஃபெர்னாண்டஸ். நாட்டின் பதினேழு வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். அது பழைய ஞாபகத்துக்காக நடந்த ஆட்டம். அப்படிச் சொல்லித்தான் நடத்தினார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாபகத்தை ஞாபகம் என்று சொல்லி விற்கலாம். அதையே இன்றைய ஆட்டம் என்று சொல்லி விற்கும்போதுதான் வியாபாரம் மோசடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

அந்த வியாபாரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கக் கல்கத்தாவைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். 1977 செப்டம்பர் 24-ஆம் தேதி ஈடன் தோட்டத்தில் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே வந்து மோகன் பகானை எதிர்த்து ஆடினார். அவருக்கு முப்பத்தாறு வயது. மழையில் ஊறிய தரை. ஆட்டம் 2-2. பெலேயைப் பார்க்கப் போனவர்கள், மோகன் பகான் பையன்கள் அவருக்குச் சமமாக நின்றதையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி சால்ட் லேக்கில் மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்காக வெனிசுலாவை எதிர்த்து ஆடினார். ஒரே கோல். அவர் அடித்த கார்னரை ஓடமெண்டி தலையால் முட்டினார். அங்கே இந்திய அணி இல்லை. ஆனால் ஆட்டம் இருந்தது. 2025-ல் ஆட்டமும் இல்லை, ஆள் மட்டும்தான். அந்த ஆளையும் பிரமுகர்கள் மறைத்துக்கொண்டார்கள். முதலில் எதிரி அணி போயிற்று என்று வைத்துக்கொண்டால், அப்புறம் பந்து போயிற்று, கடைசியில் மனிதனும் போய்விட்டான். மிஞ்சியது டிக்கெட்டில் அச்சடித்த பெயர்.

இதில் பத்திரிகைகளுக்கும் டெலிவிஷனுக்கும் உள்ள பங்கைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நட்சத்திரம் விமானத்திலிருந்து இறங்கி மாலை போட்டுக்கொண்டால் அரைப் பக்கம். அவர் எந்த ஹோட்டலில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு கால் பக்கம். மறுநாள் ஆட்டத்தில் யார் நன்றாக ஆடினார்கள், ஏன் தோற்றார்கள் என்பதற்கு மூன்று வரி. நாவல் வெளிவந்த உடனே ஆசிரியரின் புகைப்படத்தைப் போட்டு மகோன்னதம் என்று எழுதிவிட்டு, நாவலைப் படிக்காமலே விட்டுவிடுகிற மதிப்புரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியுமிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. விமரிசனம் செய்ய வேண்டியவன் விளம்பரக்காரனுக்கு எடுபிடியாகப் போனால், வாசகனுக்குக் கடைசியில் இரண்டே நிலைமைதான்: ஒன்று மயக்கம், இன்னொன்று வெறுப்பு. நடுவில் நின்று நிதானமாக, இது நன்று, இது போதாது என்று சொல்கிற நிலைமை அவனுக்கு வாய்ப்பதே இல்லை. என் பேரனின் நாற்காலிக் கோபம் அந்த இரண்டாவது நிலைமை.

விற்றவர்களுக்காவது லாபம் வந்ததா என்றால், அதுவும் சந்தேகம்தான். 2010-ல் பதினைந்து வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் என்று பேசி இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமையை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தம் முடிய இருந்த 2025 ஜூலையில், அடுத்த பருவ லீகை நிறுத்தி வைத்தார்கள். நவம்பரில் புதிதாக டெண்டர் கேட்டபோது ஒருவர்கூட மனுப் போடவில்லை. அதே நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் இந்தியா வங்காளதேசத்திடம் 1-0 என்று தோற்றது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கல்கத்தாவில் மெஸ்ஸியின் வரவேற்புக்கு டிக்கெட் விற்றார்கள். பெயர்களைச் சுமந்து பதினொரு பருவம் நடந்த கடையை, அந்த நவம்பரில் எடுத்து நடத்த ஆள் முன்வரவில்லை. கோல் போட்டவர்களின் முகம் ஊருக்குத் தெரிந்திருந்தால், அந்த முகங்களுக்காக ஒரு கூட்டம் நிலையாக வந்துகொண்டிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. விருந்தாளிக்காக வந்த கூட்டம், விருந்தாளி போனதும் போய்விட்டது.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டது பத்திரிகையில் அல்ல. மந்தைவெளி பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில். டீ ஆற்றுகிறவர் வியாசர்பாடிக்காரர். அவர்தான் சொன்னார். வியாசர்பாடியில் பிறந்து, அங்கத்து மைதானத்தில் ஆடி வளர்ந்த நந்தகுமார் சேகர், 2023-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். அந்த வருஷம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் அந்தப் பரம வைரியை ஜயித்து நான்கரை வருஷம் ஆகியிருந்தது. நந்தகுமார் வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 1-0. கல்கத்தாவில் பாதி ஊர் அன்று தூங்கவில்லை என்றார் டீக்கடைக்காரர். அந்த ஆட்டம் நடந்த இடம் இதே சால்ட் லேக் ஸ்டேடியம்.

வியாசர்பாடிக்குக் குட்டி பிரேசில் என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதிலும் எனக்கு ஒரு சங்கடம். நம் ஊர்ப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று சொல்வதற்குக்கூட, கடல் தாண்டி இன்னொரு தேசத்தின் பெயரை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து வியாசர்பாடி பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். என் பேரனுக்கு ரொசாரியோ தெரியும், அங்கே எந்தத் தெருவில் மெஸ்ஸி சின்ன வயசில் பந்து விளையாடினார் என்று தெரியும். வியாசர்பாடிக்கு எந்த பஸ் போகும் என்பது தெரியாது. அவனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும், எனக்கும் தெரியாது.

அன்று மாலை அவனிடம் நந்தகுமாரைப் பற்றிச் சொன்னேன். கைப்போனிலேயே அந்தக் கோலைத் தேடி எடுத்துப் பார்த்தான். ஒருதரம் பார்த்துவிட்டு, இன்னொருதரம் பார்த்தான். மூன்றாவது தரம் பார்க்கும்போது, "தாத்தா, பந்து வர்றதுக்கு முன்னாடியே இடம் எடுத்துட்டு நிக்கிறார், பாருங்க" என்றான். கோலைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிக சந்தோஷத்தைக் கொடுத்தது. பதினொரு வருஷத்தில் அவன் என்னிடம் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

தியாகராயநகர் சோமசுந்தரம் மைதானத்தில் சாயங்காலம் பையன்கள் பந்து ஆடுவார்கள். கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவில் அவர்களுக்கு ஒரு மூலைதான் கிடைக்கும். சட்டை முதுகில் பத்தாம் நம்பர் போடாத பையன் அங்கே அபூர்வம். அந்தச் சட்டைகளை விற்கிற பாண்டி பஜார் நடைபாதைக்காரரிடம் நந்தகுமாரின் பெயர் போட்ட சட்டை கேட்டால் சிரிப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்கிறவன் இருந்தால் அவர் நாளைக்கே அச்சடித்துவிடுவார்.

இரவு பேரன் கிளம்பும்போது, உள்ளூர் லீக் ஆட்டம் நடந்தால் ஒருநாள் நேரு ஸ்டேடியத்துக்கு நாம் இருவரும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். இந்தியன் பாங்க், ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று ஆபீஸ் அணிகள் அங்கே மோதிக்கொண்ட காலத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்று சொன்னேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "யார் ஆடறாங்க, தாத்தா?" என்று கேட்டான்.

எந்த இரண்டு அணிகள் என்று கேட்டானா, அல்லது பார்க்கும்படியான பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டானா என்பது எனக்கு விளங்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.